இன்னும் ஒரு கோட்

ஏணிக்கு உட்காரத் தெரியாது. நிற்கத் தெரியும், ஏறத் தெரியும், ஒரு காலை ஜன்னல் விளிம்பில் ஊன்றி மறு காலை அந்தரத்தில் விட்டபடி கூரையோரம் கோடு பிசகாமல் பிரஷ் இழுக்கத் தெரியும். ஒரு நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள், மனிதர் நெளிய ஆரம்பித்துவிடுவார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். உட்கார்ந்தாலும் நுனியில்தான். ஆள் நெட்டை, ஒல்லி, போதாததற்கு எந்நேரமும் தோளில் ஓர் ஏணி. பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்? பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது சொந்தமாக இரண்டு நாற்காலிகள் இருந்தன. அவற்றைப் போட ஒரு மாடி அறை. அறைக்கு ஒரு சாவி. அந்தச் சாவி அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும், கால்சட்டைப் பையில் வைத்தால் தொடையில் குத்தும். கடைசியில் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வேலை செய்யும்போது நிமிடத்துக்கொரு தரம் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார். கூட வேலை செய்தவர்கள், ஏணிக்கு நெஞ்சுவலி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டை இழந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. மனைவி முதலில் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஒரு நாள் சாரம் சரிந்து ஏணி கீழே விழுந்தார், கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்த மேஸ்திரி, அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. ஏற்றிவிட்டு ஏணியை எடுப்பவர்கள் உண்டு, இவர் ஏணியையே கைகழுவிவிட்டார். கால் கூடி எழுந்து நடப்பதற்குள் வாடகை ஏறிப்போய், வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்துவிட்டன. நடுத்தெருவில் கட்டிலும் பீரோவும் பாத்திரமும் குவிந்து கிடந்தன. மழை வரும்போல் இருந்தது. ஏணி தன் வேலைத் துணியை, சாயம் தெறிக்காமலிருக்கச் சாமான்களின் மேல் விரிப்பார்களே அந்தப் பெரிய துணியை, எடுத்து எல்லாவற்றையும் மூடினார். ஊரார் வீட்டுச் சாமான்களை மூடிய துணி அன்றைக்குத் தன் வீட்டுச் சாமான்களை மூடிற்று. சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துணி மட்டும் மிஞ்சியது.

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். தான் போக இடமில்லை. வேலை கிடைத்த வீடுகளிலேயே படுத்துக்கொண்டார். குடியிருப்பவர்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாமான்களெல்லாம் அறையின் நடுவில் குவிந்து துணி மூடிக் கிடக்கும். சாமான்களுக்கு நடுவே நுழைந்து படுத்தால் வாட்ச்மேன் விளக்கடித்தாலும் தெரியாது. விடிவதற்குள் எழுந்துவிட வேண்டும், படுத்த சுவடு இருக்கக் கூடாது. எத்தனையோ பணக்கார வீட்டுப் படுக்கையறைகளில் தூங்கியவர் அவர், ஒரு படுக்கையில்கூடத் தூங்கியதில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பொய் சொன்னார். "ரூம் எடுத்துட்டேன்மா" என்று மகளிடம் சொல்லி, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். அவள் வந்து பார்க்கவா போகிறாள் என்ற தைரியம்தான். அவள் வந்தாள். டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, அப்பா வீட்டைப் பார்க்கும் ஆசையில் வந்தாள். கதவைத் திறந்த அம்மாள், "எந்த பெயின்டர்? வேலை முடிஞ்சு போயாச்சே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் அதற்காகச் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று ஏணி பலமுறை நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்றாள். நம்பாதவர்கள் சொல்லும் சரி அது.

இப்போது அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. அப்பாவும் மகளும் சந்திப்பது கடை வாசலில், பேருந்து நிறுத்தத்தில், டீக்கடை ஓரத்தில். எல்லாம் நின்றபடியேதான். ஐந்து நிமிடம் பேசுவார்கள், "கால் வலிக்குதுப்பா, கிளம்பறேன்" என்பாள். உட்கார்ந்து பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகமில்லை.

வேலை குறைந்தபோது படுக்க வீடுகளும் குறைந்தன. பேருந்து நிலையம், பாலத்தடி என்று சுற்றி, கடைசியில் வீடற்றவர்கள் தங்கும் விடுதிக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் அவரால் தொல்லைதான். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "சாயாதீங்க! ஈரம்! சுவத்துல சாயாதீங்க!" என்று கத்துவார். வாழ்நாள் முழுக்க ஊராரிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வார்த்தை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பாதித் தூக்கத்தில் பதறிச் சுவரை விட்டு விலகுவார்கள்.

அந்த விடுதிக்கு, வீடற்றவர்களுக்கு உதவும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருவாள். எல்லோருக்கும் அவள் மேடம். மேடம் என்றால் மிடுக்காக இருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். தோளில் தன்னைவிடப் பெரிய பை, அறுந்துபோகப் போகிற செருப்பு, நடந்துகொண்டே சாப்பிடும் பழக்கம். அவள்தான் ஏணிக்கு இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"முன்பணம் நாங்க கட்டுவோம் ஐயா. வாடகையும் முதல்ல நாங்க, அப்புறம் பாதி, அப்புறம் நீங்களே. கட்டில் மேசையெல்லாம் எங்க கிடங்குல இருந்து வரும். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அங்க குடியிருக்கணும்."

"குடியிருக்கத்தானே மேடம் ரூமு."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். போன தடவை ஒருத்தர் கட்டில்லேருந்து கரண்டி வரைக்கும் ஒரே வாரத்துல வித்துட்டுப் பழையபடி தெருவுக்கே போயிட்டார். அலுவலகத்துல என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. திடீர்னு வந்து பாப்பேன். ஆள் குடியிருக்கற மாதிரி இல்லைன்னா, அந்த ரூம் வரிசையில நிக்கற அடுத்த ஆளுக்குப் போயிடும். கோவிச்சுக்கக் கூடாது."

ஏணி தலையாட்டினார். குடியிருப்பது என்ன பெரிய வித்தையா?

கிடங்கில் கண்ட கண்ட வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் குவிந்து கிடந்தன. கிடங்குக்காரர் குட்டையான, இடுப்புவலிக்கார மனிதர். ஒவ்வொரு சாமானையும் தூக்குமுன் ஒரு முனகல், வைத்தபின் ஒரு முனகல். ஏணி ஒரு கட்டிலை ஆட்டிப் பார்த்தார், மேசையின் அடியில் குனிந்து பார்த்தார், பீரோவின் கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்ன தலைவரே, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி பாக்கறீங்க? பல்லைப் புடிச்சுப் பாக்கறதுக்கு இது மாடும் இல்ல. எடுத்துட்டு நடங்க."

"நாற்காலி ரெண்டு வேணும்."

"ஒத்தை ஆளுக்கு ஒரு நாற்காலிதான்."

"ரெண்டு வேணும்" என்றார் ஏணி மறுபடி. குரல் உயரவில்லை, ஆனால் இடத்தை விட்டு அசையவும் இல்லை. "என் பொண்ணு வரும்."

கிடங்குக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே பின்பக்கம் போய், குட்டை முதுகு கொண்ட ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்து வைத்தார். "கணக்குல வராத நாற்காலி. யாராவது கேட்டா ஸ்டூல்னு சொல்லுங்க."

சாமான்கள் மாடி ஏறின. கிடங்குக்காரர் ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே ஏறினார். கட்டில் ஒரு சுவரோரம், பீரோ எதிர்ச் சுவரோரம், ஜன்னலடியில் மேசை, இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. எல்லோரும் போனபின் ஏணி கதவைச் சாத்திக்கொண்டு அறையைப் பார்த்தார். அறையும் அவரைப் பார்த்தது. உட்காரலாமா என்று நினைத்தார், இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். கட்டிலில் படுத்தார். கண்ணை மூடியதும் மாடிப்படியில் யாரோ ஏறி வருவதுபோலிருந்தது. யாரோ இல்லை, வீட்டுக்காரர்கள். இந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரர்கள். எழுந்து விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். வாசற்கதவைத் திறந்து பார்த்தார், ஒருவரும் இல்லை. மறுபடி படுத்தார், மறுபடி எழுந்தார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர்போல விடியும்வரை அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

விடிந்ததும் சுவரில் ஓர் ஈரத்திட்டு கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. ஆகா, இதுதான் கோளாறு! சுவர் சரியில்லை, அதான் தூக்கம் வரவில்லை. ஒரு கோட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். சாமான்களையெல்லாம் நடுவுக்கு இழுத்தார், வேலைத் துணியை மேலே விரித்தார், உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தார், வேலை செய்த இடங்களில் மிஞ்சிய சாயத்தைக் கொண்டுவந்து அடித்தார். அன்று சாயம் காயட்டும் என்று சாமான்களுக்கு நடுவே, மேசைக்கடியில் நுழைந்து படுத்தார். அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

சாயம் காய்ந்தது. சாமான்கள் சுவரோரம் திரும்பவில்லை. இன்னும் ஒரு கோட் அடித்தால் நல்லது என்று தோன்றியது. அடித்தார். அதுவும் காய்ந்தது. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இல்லை? இன்னும் ஒரு கோட். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு முதலில் சந்தோஷம், காசு வாங்காமல் ஒருவர் சுவருக்குச் சாயம் அடித்தால் யாருக்குத்தான் கசக்கும்? பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"பெயின்டரே, இன்னும் ஒரு கோட் அடிச்சீங்கன்னா ரூமே சின்னதாப் போயிடும். போதும், விடுங்க."

"இதோ, இதுதாம்மா கடைசி."

மகளிடமும் இதே பாட்டுத்தான். ரூம் கிடைத்த செய்தியை அவர் சொன்னபோது அவள் "சரிப்பா" என்றாள். எப்ப வரட்டும் என்று அவள் கேட்கவில்லை, இவராகவே, "பெயின்ட் அடிச்சுட்டிருக்கேன், வாசனை தலைவலிக்கும். காயட்டும், கூப்பிடறேன்" என்றார். அடுத்த முறை மருந்துக் கடை வாசலில் நின்றபோதும் காயட்டும் என்றார். அதற்கடுத்த முறையும். ரூமே இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் ஏணிக்குப் போய்ச் சாமான்களைச் சுவரோரம் நகர்த்தக் கை வரவில்லை. பாவி மனுஷன்! பொய் சொன்ன காலத்தில் கூசாமல் விலாசம் கொடுத்தார், நிஜ வீடு கிடைத்தபின் வா என்று கூப்பிட நா எழவில்லை.

மேடம் வந்த மதியம் ஏணி வேலைக்குப் போயிருந்தார். சாயம் படாமலிருக்கப் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பைக்குள் புதைத்துவைப்பது அவர் வழக்கம். அது அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா தன்னிடமிருந்த சாவியால் அறையைத் திறந்துவிட்டாள். மேடம் உள்ளே பார்த்தாள். நடுவில் துணி மூடிய குவியல், தூக்கிப் போகத் தயாராக. கொடியில் ஒரு சட்டை இல்லை. குப்பைக் கூடையில் ஒரு காகிதம் இல்லை. அடுப்பில் கரி இல்லை. சுவர் பளபளவென்று இருந்தது.

"இங்க ஆள் இருக்காரா?"

வீட்டுக்காரம்மா நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "தங்கமான மனுஷன். இருக்கறதே தெரியாது. ஒரு சத்தம் வராது!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. மேடத்தின் முகம் விழுந்துவிட்டது. "நாளைக்குக் காலையில கிடங்கு வண்டியோட வரேன். அவரை இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் ஏணி சேதியைக் கேட்டார். மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்தான். என்னவென்று சொல்வது? சாமான்களை நடுவில் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றா? மாடிக்கு ஓடினார். துணியை உருவினார், கட்டிலைத் தள்ளினார், பீரோவைத் தள்ளினார், எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. தள்ளி நின்று பார்த்தார். கடையில் அடுக்கிவைத்ததுபோலிருந்தது. இதில் ஆள் குடியிருப்பதாக எந்த முட்டாள் நம்புவான்?

ஆள் குடியிருந்தால் சுவர் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அதைச் சுரண்டித்தானே இத்தனை வருஷம் சோறு தின்றார். ஸ்விட்சைச் சுற்றிக் கைபட்ட கறுப்பு இருக்கும். அடுப்புக்கு மேலே புகை ஏறியிருக்கும். நாற்காலி முதுகு உரசிய கோடு ஒன்று ஓடும். கட்டிலின் தலைமாட்டில், ஆட்கள் சாய்ந்து சாய்ந்து, எண்ணெய்த் தலை அளவுக்கு ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதைத்தான் போக்கவே முடியாது, எத்தனை கோட் அடித்தாலும் கீழிருந்து எட்டிப் பார்க்கும்.

சரி, உண்டாக்கிவிட்டால் போயிற்று. உள்ளங்கையில் தரையழுக்கைத் தேய்த்து ஸ்விட்சைச் சுற்றி அப்பினார். நாற்காலியைச் சுவரில் உரசினார். தலையில் கை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு கட்டில் தலைமாட்டில் போய்ச் சுவரில் தேய்த்தார். காளை மாடு மரத்தில் உரசுவதுபோலத் தேய்த்தார். எழுந்து பார்த்தார். வட்டம் அச்சாக விழுந்திருந்தது. ஒரு பார்வை பார்த்தால் போதும், பத்து வருஷம் குடியிருந்தவன் சுவர் என்று சொல்லிவிடலாம்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் பொய்! அன்றைக்கு விலாசம், இன்றைக்கு எண்ணெய். டிபன் கேரியரோடு ஒரு வாசலில் நின்ற மகளின் முகம் கண்முன் வந்தது. ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை அவரால். உப்புத்தாளை எடுத்தார். தேய்த்தார். தேய்த்த இடம் திட்டாகத் தெரிந்தது. திட்டாகத் தெரிந்தால் விட்டுவிடுகிற கையா அது? கட்டிலை நடுவுக்கு இழுத்தார். பீரோவையும் மேசையையும் இழுத்தார், மேசைக்கடியில் தன் பொருள்களைப் பழையபடி வைத்தார். துணியை விரித்தார். விடிந்தபோது நான்கு சுவர்களும் புதுச்சாயத்தில் ஈரமாக மின்னின. ஏணி பிரஷைக் கழுவும்போதுதான், வண்டி வரப்போகிற காலையில் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் கீழே ஹாரன் அடித்தது.

மேடம் முதலில் வந்தாள், பின்னால் முனகிக்கொண்டே கிடங்குக்காரர். மேடம் வாசலில் நின்றபடி குவியலைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள்.

"சொன்னேனே ஐயா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையைக் கீழே இறக்கிவிட்டு, அயர்ச்சியோடு சுவரில் தோளைச் சாய்த்தாள்.

"சாயாதீங்க! ஈரம்!"

மேடம் துள்ளி விலகினாள். தோளிலிருந்து முழங்கைவரை வெளிர்மஞ்சள். ஏணி பதறிப்போய்ப் பழந்துணியைச் சாயம் போக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு கையால் அவளுடைய சட்டைக் கையைத் துடைக்கிறார், "மன்னிச்சுக்குங்க மேடம், மன்னிச்சுக்குங்க" என்று வாய் பாட்டுக்குச் சொல்கிறது, கண் மட்டும் அவள் தோள் பட்டு நசுங்கிய சுவரையே பார்க்கிறது. இன்னும் ஒரு கோட் அடிக்க வேண்டும்.

"யோவ், இந்தக் கட்டிலை மறுபடி கீழ இறக்கணுமா? என் இடுப்பு செத்தே போயிடும்" என்று புலம்பிக்கொண்டே கிடங்குக்காரர் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு முழங்காலை மடக்கி, முனகாமல், குனிந்து உள்ளே பார்த்தார். "மேடம், இங்க வாங்க."

மேசைக்கடியில் கட்டில் மெத்தை இரண்டாக மடித்துப் போடப்பட்டிருந்தது. தலையணையாக மடித்துவைத்த சட்டைகள். கழுவிக் கவிழ்த்த தட்டு, டம்ளர், சோப்பு டப்பா, பல்பொடி, எல்லாம் படுத்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில். வாசல் பக்கம் பார்த்தபடி ஒரு ஜோடி செருப்பு, கால் நுழைத்தால் ஓடிவிடலாம் என்பதுபோல. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், நசுங்காமல், பழைய செய்தித்தாள் சுற்றிய அந்த இரண்டாவது நாற்காலி.

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்கயா படுக்கறீங்க? தினமுமா?"

"ஆமா மேடம்."

"கட்டில் எதுக்கு இருக்கு?"

ஏணி துணியைப் பிசைந்தார். "கட்டில்ல படுத்தா, வீட்டுக்காரங்க வந்துடுவாங்கன்னு முழிப்பு வந்துடுது."

"எந்த வீட்டுக்காரங்க?"

"அதான் மேடம் தெரியல."

தின்னர் வாசனை அறையை நிறைத்தது. மேடம் கண்ணை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள், தின்னர் எரிச்சலாகவும் இருக்கலாம்.

"அலுவலகத்துல இதை நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வீட்டுக்குள்ள ஒரு வீடு கட்டிக் குடியிருக்கார்னு சொல்லுங்க" என்றார் கிடங்குக்காரர். "கிரகப்பிரவேசம் மட்டும்தான் பாக்கி."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "குடியிருக்கீங்க, அது போதும் எனக்கு. வாடகை உதவி நிக்காது, பொருளும் எங்கயும் போகாது. ஆனா ஐயா, நான் அடுத்து வரும்போது இந்தச் சாமானெல்லாம் சுவத்தோட இருக்கணும். இன்னொரு கோட் அடிச்சீங்கன்னா டப்பாவை நானே பறிமுதல் பண்ணிடுவேன்." படியிறங்கப் போனவள் திரும்பினாள். "வீட்டுக்காரங்க வருவாங்க வருவாங்கன்னு பாத்துட்டிருக்கீங்களே, அவங்க எப்பவோ வந்தாச்சு. பூட்டைத் திறந்து உள்ள வந்தது நீங்கதானே?"

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. ஏணி கழுத்திலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றார். போனைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தார், வைத்தார், எடுத்தார். சாமான்களை நகர்த்தியபின் கூப்பிடலாம் என்றது மனசு. நகர்த்தியபின் மனசு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாம்மா. விலாசம் சொல்றேன்."

"இந்தத் தடவை நிஜ விலாசமாப்பா?" என்றாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. வெறும் கேள்வி.

"நிஜம்மா. வந்து பாரு."

"சரிப்பா."

அந்தச் சரி எந்தச் சரி என்று அவருக்குப் புரியவில்லை. ஞாயிறுவரை அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கட்டிலைச் சுவரோரம் தள்ளினார், ஒரு ராத்திரி படுத்தார், பத்துத் தரம் எழுந்தார், மறுபடி நடுவுக்கு இழுக்கக் கால் பரபரத்தது. இழுக்கவில்லை. சாய டப்பாவைக் கண்ணில் படாமல் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைத்தார். "என்ன கேட்டாலும் தராதீங்கம்மா" என்றார். சாயங்காலமே போய்க் கேட்டார். அவள் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் சாப்பாடு இல்லை, ஒன்றுமில்லை. வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். மேடத்தின் பார்வைபோலச் சோதிக்கும் பார்வைதான், வேறு யாருடைய சட்டையாவது தொங்குகிறதா, வேறு யாருடைய படமாவது மாட்டியிருக்கிறதா என்று தேடும் பார்வை. உள்ளே வந்தாள். பீரோவைத் தொட்டுப் பார்த்தாள். மூலையில் மடித்துவைத்த சாயம் தெறித்த துணியைப் பார்த்தாள், அதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"உட்காரும்மா."

குட்டை முதுகு நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களை முன்னால் நீட்டிக்கொண்டாள். கடையில் புதிதாக ஒருவர் முதலாளியாக வந்திருப்பதைச் சொன்னாள், பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்றாள், ஒரு கிழவர் இருமல் மருந்துக்கு வந்து தினமும் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போகும் கதையைச் சொன்னாள். ஏணி எதிரே நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் தாண்டியது. பத்து நிமிடமும் தாண்டியது. அவள் கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. பேச்சு மெல்லத் தளர்ந்தது, கண் செருகியது, தலை பின்னால் சரிந்தது.

"சாயாதே!"

அவள் உதறிக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் ஒரு நொடியில் இறுகிவிட்டது. அந்தக் கதவு சாத்தப்பட்ட வாசலில் நின்றவளின் முகம்தான் அது.

"ஈரமா? வேலை நடக்குதா இங்க?" குரல் உடைந்தது. "யாரு வீடுப்பா இது?"

ஏணி எட்டிச் சுவரில் உள்ளங்கையை அழுத்தினார். பலமாக அழுத்தித் தேய்த்தார், இத்தனை வருஷத்தில் எந்தச் சுவரையும் அப்படித் தொட்டதில்லை அவர். கையை எடுத்து அவள் முன்னால் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சாயம் இல்லை.

"காஞ்சிடுச்சும்மா. எப்பவோ காஞ்சிடுச்சு. நம்ம வீடுதான். பழக்கதோஷத்துல கத்திட்டேன். நீ சாஞ்சுக்கோ."

அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். தலையை அரைகுறையாகச் சாய்த்தாள், பிறகு முழுதாகச் சாய்த்தாள்.

ஏணி மற்ற நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். நுனியில் உட்கார்ந்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். தோள்பட்டை சுவரில் பட்டதும் உடம்பு ஒரு தரம் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே இருந்தார். தலையையும் சாய்த்தார்.

"தலையில எவ்வளவு எண்ணெய்ப்பா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். "சுவரு அழுக்காயிடும்."

"ஆகட்டும்மா" என்றார் ஏணி.